சங்குக்குப் பூட்டு செய்த கதை

"டேய், எழுந்து வா. கதவு தொறந்து கெடக்குது. அவன் கிரைண்டர் மேல உக்காந்துனு கீறான்."

அம்மா எழுப்பியபோது மணி 5.45. சமையலறைக்குப் போனால் சங்கு கிரைண்டர் மூடியின் மேல் உட்கார்ந்து, கொண்டையை விரித்து என்னைப் பார்க்கிறான். கூண்டுக் கதவில் முந்தின ராத்திரி நானே ஸ்பானர் போட்டு இறுக்கிய 6 எம்.எம். போல்ட்டு தரையில் கிடந்தது. நட்டு ஒரு பக்கம், வாஷர் ஒரு பக்கம். எதுவும் உடையவில்லை, வளையவில்லை. மரையில் ஒரு கீறல் கூட இல்லை. முறையாகக் கழற்றி வைத்திருந்தான்.

நான் ராணிப்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். 19 வருடமாக நட்டும் போல்ட்டும்தான் என் சோறு. அன்றைக்குத்தான் இந்தப் பறவையைச் சரியாகப் புரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அதற்கு முன்னும் பின்னும் செய்ததை, தப்பாகச் செய்ததையும் சேர்த்து, எழுதி வைக்கிறேன். கூண்டு கட்ட நினைக்கிற ஒருவருக்காவது உதவும்.

சங்கு ஒரு கோஃபின் காக்கட்டூ, கிளி வகைப் பறவை. வெள்ளைக் காக்கட்டூக்களில் சின்ன இனம். சுமார் 30 செ.மீ. நீளம், 300 கிராம் சொச்சம் எடை. நம்ம வீட்டுக் காக்காயைவிடச் சின்னது. கொண்டை குட்டை. அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் லேசான ரோஸ் நிறம், இறக்கையைத் தூக்கினால் அடியில் மஞ்சள் சாயல். வளர்ந்த ஆணுக்குக் கண் கிட்டத்தட்ட கறுப்பு, பெண்ணுக்குச் செம்பழுப்பு. சொந்த ஊர் இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகள். உலகத்திலேயே அந்தத் தீவுக்கூட்டம் ஒன்றுதான் அதன் பூர்வீகம். காட்டை வெட்டியபோது கூட்டம் கூட்டமாகப் பிடித்து வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். 1992ல், அழியும் உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்ஸ்' ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்த பிறகுதான் காட்டிலிருந்து பிடித்து நாடு விட்டு நாடு விற்கும் வியாபாரத்துக்குச் சட்டப்படி தடை வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சங்கைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. அவன் இங்கேயே கூண்டில் பொரித்த குஞ்சுதான். ஆனாலும் எங்கேயோ ஒரு தீவு மரப்பொந்திலிருந்து ஆரம்பித்த வம்சம்.

என் பெரியம்மா மகன் பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனார். "நீதான்டா பொறுமையா வச்சிக்குவ" என்றார். நான் முதலில் கேட்டது காகிதம். 2022ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்படி சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிர் எதை வைத்திருந்தாலும் பதிவு வேண்டும். 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகளும் வந்துவிட்டன, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிய வேண்டும். வைத்திருப்பது, கைமாற்றுவது, பிறப்பு, இறப்பு எல்லாமே கணக்கில் வரும். அண்ணன் பதிந்து வைத்திருந்தார். என் பெயருக்கு மாற்றிய பிறகுதான் வண்டி எடுத்தேன். காகிதம் இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம், அதற்குப் பதிவே கிடையாது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் இருந்தது. போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தபோது சங்குக்கு 9 வயது. நெஞ்சில் இறகே இல்லை. உரித்த கோழி மாதிரி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது. நோய் இல்லை, அவனே பிடுங்கிக்கொண்டது. அவன் இருந்த கூண்டு வட்டமாக, மேலே கூம்பாக, பார்க்க அழகாக இருக்கும். உள்ளே திரும்பினால் வால் கம்பியில் இடிக்கும்.

பெரிய கூண்டு கட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவசரத்தில் ஜி.ஐ. வெல்டு மெஷ் வாங்கிக் கட்டினேன். கோழிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் எல்லாரும் போடுவதுதானே என்ற எண்ணம். இது என் பெரிய தப்பு. ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. பூச்சு திரண்டு முடிச்சு முடிச்சாக நிற்கும் இடங்களைக் காக்கட்டூ நாள் முழுக்கச் சுரண்டும். மூன்றாவது வாரம் சங்கு சாப்பாட்டைக் குறைத்தான். பகலில் உடம்பை உப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தான். எச்சம் பச்சையாக, தண்ணீராகப் போனது. விடியற்காலையில் சென்னைக்கு ஓட்டினேன், பறவை பார்க்கிற ஒரு கால்நடை மருத்துவரிடம். எக்ஸ்ரேயில் இரைப்பைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ரத்தத்தில் இருக்கும் உலோகத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற ஊசி போட்டார்கள். பத்து நாளைக்குப் பிறகு ஒரு நாள் காலையில், எப்போதும் போல் தெருவே அதிரக் கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார்.

வினிகரில் கழுவினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சின்னப் பறவைக்கு எப்படியோ, காக்கட்டூ அலகுக்கு அது போதாது. நேராக எஸ்.எஸ்.ஸுக்கு, அதாவது எவர்சில்வருக்குப் போங்கள்.

இரண்டாவது கூண்டு 6 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரம். சட்டத்துக்கு 1 இஞ்சு ஸ்கொயர் பைப், மெஷ் 3 எம்.எம். கம்பி, 1 இஞ்சு இடைவெளி. அதற்கு மேல் இடைவெளி விட்டால் தலையை நுழைப்பான். எல்லாமே 304 கிரேடு எஸ்.எஸ். கடையில் காந்தம் வைத்துக் காட்டி "ஒட்டல பாருங்க, 304தான்" என்பார்கள். 202 கிரேடும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையால் பயனில்லை. 202 விலை குறைவு, நாலு மழை பட்டால் பழுப்புப் புள்ளி விழும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சொட்டு மருந்து விடுவார்கள், ஸ்கிராப் கடைக்காரர்களிடம் கூட இருக்கும். விட்டுப் பார்த்து வாங்குங்கள். பில்லிலும் 304 என்று எழுதி வாங்குங்கள். மெஷ் மட்டும் 55 கிலோ வந்தது. கூலியோடு மொத்தம் 41,000 ரூபாய். பட்டறை நண்பர் ஆர்கான் வெல்டிங் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு முனையையும் நான் அரம் போட்டு, விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறு இருந்தால் நகம் மாட்டும். பெயின்ட் கிடையாது, பாலீஷ் கிடையாது.

உட்காரக் கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும், பட்டையோடு, வேறு வேறு தடிமனில். ஒரே அளவு உருட்டுக் கட்டையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தால் காலில் ஒரே இடத்தில் புண் வரும். பட்டையை ஒரு வாரத்தில் உரித்துவிடுவான். உரிப்பதற்குத்தான் அது, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இப்போது கதவு.

முதலில் சாதாரணக் கொக்கி. அன்று சாயங்காலமே தூக்கிவிட்டான். அடுத்தது தாழ்ப்பாள். குமிழை அலகால் மேலே திருப்பி, நாக்கால் தள்ளினான், 2 நாள். ஸ்பிரிங் கிளிப் 5 நாள் தாங்கியது. அதை அழுத்தியபடியே இழுக்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை. அழுத்துவதற்குக் காலையும் இழுப்பதற்கு அலகையும் வைத்துக்கொண்டான். பிறகுதான் அந்த போல்ட்டு, ஒரே ராத்திரி. போல்ட்டுத் தலையை வெளியே வைத்து நட்டை உள்பக்கம் விட்டது என் தவறு. தட்டு மாட்டுவதானாலும் கிளை மாட்டுவதானாலும் தலை உள்ளே, நட்டு வெளியே, அதுவும் நைலான் வைத்த லாக் நட்டு. பூட்டு போட்டு சாவி வைத்துப் பார்த்தேன். அதைத் திறக்க அவனால் முடியவில்லை. ஆனால் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "கேஸு லீக்காயி, நீயும் வீட்ல இல்லன்னா, சாவியைத் தேடினு நிப்பேனா?" நியாயம்தான்.

கடைசியாகச் செய்தது இது. கதவு விளிம்பிலிருந்து ஒரு பட்டையை 5 இஞ்சு வெளியே நீட்டி, அதன் முனையில் சாதாரணத் தாழ்ப்பாளை வைத்தேன். மெஷ் வழியாக அலகு எட்டாது. அம்மா ஒரு விரலால் திறப்பார். எவ்வளவு கெட்டியான பூட்டாக இருந்தாலும், எட்டுகிற தூரத்தில் இருந்தால் அவனுக்கு ஒரு நாள் பிடிபட்டுவிடும். எட்டாத தூரம் ஒன்றுக்குத்தான் அவனிடம் பதில் இல்லை.

வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே கம்பியில் தொங்கினான். பிறகு தொங்குவதை விட்டுவிட்டான். சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பித்து இருட்டும் வரை கத்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டைச் சுத்தம் செய்யப் போனால், பஞ்சு மாதிரி வெள்ளை இறகு குவிந்து கிடக்கிறது. நெஞ்சில் முளைத்து வந்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தான். பெரிய கூண்டு, நல்ல சாப்பாடு, காற்று, வெளிச்சம் எல்லாம் கொடுத்தாயிற்று. அவன் செய்துகொண்டிருந்த ஒரே வேலையைப் பிடுங்கியவன் நான்.

அந்த வாரம் ராத்திரிகளில் இந்த இனத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் ஆயர்ஸ்பெர்க் என்கிற விஞ்ஞானியின் குழு கோஃபின்களோடே வேலை செய்கிறது. 2012ல் அங்கே ஃபிகாரோ என்கிற பறவை, கம்பிக்கு வெளியே எட்டாமல் கிடந்த கொட்டையை இழுக்க, மரச்சட்டத்திலிருந்து சிராய் கிழித்துக் குச்சி செய்துகொண்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வருடம் வெளிவந்த ஆய்வுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. ஒரு முந்திரியைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்து, ஐந்து பூட்டு வரிசையாகப் போட்டார்கள். ஊசியை எடுத்தால்தான் திருகாணி அசையும், திருகாணியைக் கழற்றினால்தான் போல்ட்டு, அப்புறம் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், கடைசியில் தாழ்ப்பாளை நகர்த்த வேண்டும். பிப்பின் என்கிற பறவை உதவியே இல்லாமல் 2 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. 2021ல் தனிம்பாரின் காட்டுப் பறவைகளைப் பற்றி ஒன்று வந்தது. ஒரு பழத்தின் கொட்டையைப் பிளக்கத் தடித்த குச்சி, தோலை அறுக்க மெல்லிய குச்சி, பருப்பை வழிக்க நடுத்தரக் குச்சி என்று மூன்று விதமாகச் செய்துகொள்கின்றனவாம். எங்கள் பட்டறையில் ரஃப் டூல், பார்ட்டிங் டூல், ஃபினிஷிங் டூல் என்று வைத்திருப்பது போலத்தான்.

மறுநாளே பலகையை எடுத்தேன்.

முக்கால் இஞ்சு வேப்பம்பலகை, ஒன்றரை அடிக்கு ஒரு அடி. நடுவில் 4 இஞ்சு சதுரமாக வெட்டி, பின்னால் சின்ன எவர்சில்வர் கிண்ணம். முன்னால் 5 எம்.எம். அக்ரிலிக் கதவு. உள்ளே இருப்பது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அக்கறை வராது. கிண்ணத்தில் ஒரு பாதாமில் பாதி. பூட்டுகளை ஒவ்வொன்றாகத்தான் சேர்த்தேன். முதல் வாரம் தாழ்ப்பாள் மட்டும், 3 நிமிஷம். பிறகு குறுக்கே போடும் போல்ட்டு. மூன்றாவதாகத் திருகாணிதான் நிறைய யோசிக்க வைத்தது. பெரிய மரை போட்ட 10 எம்.எம். ஸ்டட், தலைக்கு உருண்டையாகக் கடைந்த கொய்யாக் கட்டை. முதலில் 12 சுற்று வைத்தேன். 4 சுற்று வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டான். தான் செய்வது பலிக்கிறதா என்று தெரியாவிட்டால் சலித்துவிடுகிறது. 4 சுற்றில் கையோடு வரும்படி வெட்டினேன், அப்படியும் 9 நாள் ஆனது. அலகால் கடித்து இழுத்தான், ஆட்டினான், கடைசியில் நாக்கை ஒரு பக்கம் முட்டுக்கொடுத்துத் திருப்பினான். அந்த நிமிஷத்திலிருந்து தப்பே இல்லை. மறுநாள் 40 விநாடி.

ஐந்தையும் சேர்க்க இரண்டரை மாசம் ஆனது. ஒரு நாள் முதல் ஊசியையும் திருகாணியையும் நானே எடுத்துவிட்டுப் பலகையை மாட்டினேன். பழக்க தோஷத்தில் அந்த வெறும் ஓட்டையைத்தான் முதலில் தொடுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அடுத்து இருந்த பூட்டுக்குப் போனான். வியன்னாப் பறவைகளும் இப்படித்தான் செய்தன என்று படித்திருந்தேன், ஆனால் கண்ணெதிரே பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது.

செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: விழுங்குகிற அளவில் வாஷரோ நட்டோ வேண்டாம். எதிலும் பித்தளை, ஈயம், ஜிங்க் வேண்டாம். கழன்று விழும் உறுப்பை எஸ்.எஸ். சங்கிலியால் கட்டுங்கள், ஆனால் சங்கிலி காலில் சுற்றாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும்.

பலகை இல்லாத நேரத்துக்குக் கிழிக்கவும் கடிக்கவும் பொருள் வேண்டும். வெளிநாட்டில் தோல் வாரில் முடிச்சு போட்டுக் கொடுக்கிறார்கள். நமக்கு ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலுக்கா பஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே கிடைக்கிற துண்டுகளில் பெரும்பாலானவை குரோம் போட்டுப் பதப்படுத்தியவை. தோல் ஷாப்பில் வேலை செய்யும் மச்சானிடம் கேட்டு, பட்டைச் சாற்றில் பதப்படுத்திய, சாயம் ஏற்றாத தோலாகத் தேடி வாங்கினேன். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் குரோம் தோல் நீலம் பாய்ந்திருக்கும், பட்டைத் தோல் நடுவரை ஒரே பழுப்பு. சாயம் ஏற்றியிருந்தால் இந்த அடையாளமும் ஏமாற்றும், தெரிந்தவர்களைக் கேட்டே வாங்குங்கள். குடியாத்தத்திலிருந்து ஒருவர் காலித் தீப்பெட்டி மூட்டையாகத் தருவதாகச் சொன்னார். உரசும் பக்கத்தில் மருந்து இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டேன். நுங்கு சீசனில் நுங்கு எடுத்த வெறும் பனங்காய்தான் சங்குக்குத் திருவிழா. நார் நாராகப் பிரித்து அரை நாள் ஓட்டுவான். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும், புளித்துவிடும். பனை ஓலையும் அப்படியே.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முளைகட்டின பச்சைப்பயறு, கம்பு, சோளக்கதிர், முருங்கைக்கீரை, பூசணி, கேரட், கொய்யா, அதோடு பெல்லட் என்கிற ரெடிமேட் பறவைத் தீனி. சூரியகாந்தி விதையைக் கிண்ணம் கிண்ணமாக வைப்பது கொழுப்பு ஏற்றிக் கல்லீரலைக் கெடுக்கும். பூட்டுக்குப் பின்னால் வைக்கும் பாதாம்தான் நாளுக்கு அவனுக்குள்ள கொழுப்பு. அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் நெருங்கவே கூடாது.

வீட்டைத்தான் அதிகம் மாற்ற வேண்டியிருந்தது. நான்-ஸ்டிக் தவா காய்ந்து சூடேறினால் வரும் புகை பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். அம்மா பழைய இரும்புக் கல்லுக்கே திரும்பினார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசல் திண்ணையோடு சரி, கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. வாசலில் இருந்த அரளியைக் கிளப்பி எடுத்தோம். அம்மாவுக்குச் சாமிக்குப் போடும் பூ அது. மனசில்லாமல்தான் சம்மதித்தார். காக்கட்டூவின் உடம்பிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும், இறகைக் காப்பதற்காக அதுவே உண்டாக்குவது. அம்மாவுக்கு வீசிங் உண்டு. அதனால்தான் கூண்டை ஹாலில் வைக்காமல் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் வைத்தேன். தினம் ஈரத்துணியால் துடைக்கிறேன். இழுப்பு இருக்கிறவர்கள் வீட்டில் இந்தப் பறவை வேண்டாம் என்றே சொல்வேன்.

வேலூர் வெயிலைச் சொல்லாமல் முடியாது. கத்திரியில் 40க்கு மேல் போகும். தனிம்பார் கடல் சூழ்ந்த தீவு, அங்கே இந்த வறண்ட அனல் கிடையாது. மதியம் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம். காலை 10க்கும் 3க்கும் ஸ்பிரேயரில் தண்ணீர் அடிப்பேன். தலைகீழாகத் தொங்கி இறக்கையை விரித்து நனைவான். வெளிப்பக்கம் ஈரச் சணல் சாக்கு. கரண்ட் போனால் ஃபேனை நம்ப முடியாது, சாக்குதான் காப்பாற்றுகிறது. இருட்டியதும் துணி போட்டு 11 மணி நேரத் தூக்கம்.

எதிர்வீட்டு அக்கா சத்தத்தைப் பற்றிக் கேட்டார். காலையும் மாலையும் பத்து நிமிஷம் கத்துவது அந்த இனத்தின் வழக்கம், அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. மணிக்கணக்கில் கத்துவதுதான் குறை, பலகை வந்த பிறகு அது நின்றுவிட்டது. தடவுவதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: தலையும் கழுத்தும் மட்டும். முதுகைத் தடவினால் ஜோடி என்று எடுத்துக்கொண்டு, பீரோ அடியில் பொந்து தேட ஆரம்பித்துவிடுவான். அப்புறம் ஆள் நகர்ந்தாலே கத்தல்.

நெஞ்சில் பாதிக்கு மேல் இறகு வந்துவிட்டது. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் வெறும் தோல். பல வருடம் பிடுங்கிய இடத்தில் வேர் செத்திருந்தால் இனி முளைக்காது என்றார் டாக்டர். பிடுங்குவதும் முழுக்க நிற்கவில்லை. பட்டறையில் ஓவர்டைம் பார்த்து இரண்டு நாள் பலகை வைக்காவிட்டால், தட்டில் ஒன்றிரண்டு இறகு கிடக்கும்.

ஐந்து பூட்டும் இப்போது 2 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. போன சனிக்கிழமை லேத்தில் ஆறாவதைக் கடைந்தேன். பார்க்க அதே திருகாணி, அதே கொய்யாக் குமிழ். மரை மட்டும் இடது மரை. ஞாயிறு முழுக்க வலது மரைக்குத் திருப்புகிற மாதிரியே திருப்பினான். அது இன்னும் இறுகியது. திங்கள் கோபத்தில் குமிழைக் கடித்து ஒரு பிசிறு எடுத்தான். நேற்று திருப்பவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தாழ்வாரத்திலிருந்து எவர்சில்வர் தட்டில் ஏதோ 'டங்' என்று விழுந்த சத்தம். அம்மா உள்ளேயிருந்து, "போய்ப் பாருடா, இன்னா பண்ணான்னு தெரில" என்றார்.